பெருமழையில் மட்டும் வராத சிக்னல்

லேத் பட்டறைக்காரர் கடைக்குள் வந்தபோது கையில் பழுதான சாமான் எதுவும் இல்லை. ஒயர்லெஸ் அம்மாள் முதலில் கவனித்தது அதைத்தான். துறைமுகத்து ஒயர்லெஸ் அறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர் அந்த அம்மாள். இப்போது ரேடியோ பழுது பார்க்கும் சிறு கடை வைத்திருந்தார். அங்கே வருகிறவர்கள் எதையாவது சுமந்துகொண்டுதான் வருவார்கள். இவர் வெறுங்கையோடு ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்தார்.

"ரிப்பேர் பண்ணித் தர வேண்டாம்மா. யார் தப்புன்னு மட்டும் சொல்லிடுங்க. என் தப்புன்னா என் தப்புன்னே சொல்லுங்க."

அவர் விட்டுவிட்டுச் சொன்னதைக் கோத்துப் பார்த்தால் இவ்வளவுதான். அவருடைய தம்பி ஆற்றங்கரைப் பம்ப் அறையில் ஆபரேட்டர். மேற்கே மழை பெய்தால் அந்த ஆறு சொல்லாமல் கொள்ளாமல் ஏறிவிடும். தம்பிக்காகவே அண்ணன் ஒரு வானிலை நிலையத்தைத் தன் கையால் செய்தார். ஆற்றின் மேல்புறத்தில் ஒரு பாறையில் மழைமானி, காற்றுமானி, நீர்மட்டம் பார்க்கும் கருவி, அவற்றோடு ஒரு சின்ன ரேடியோ. வீட்டின் பின்னறையில், மேசைமேல் அதைக் கேட்கும் ரிசீவர் பெட்டி. நீர்மட்டம் ஓர் அளவைத் தாண்டினால் கூரைமேல் சைரன் ஊதும். பம்ப் அறைவரை கேட்கும். தம்பி அதை நம்பி வேலை பார்த்தார். போன மாதம் ஒரு மத்தியானம் பெருமழை பெய்தது. சைரன் ஊதவில்லை. மறுநாள்தான் தம்பியின் உடல் கிடைத்தது.

பெட்டியில் பதிவாகியிருந்ததைப் பார்த்தபோது, மழை வலுத்த கொஞ்ச நேரத்தில் பாறையிலிருந்து வரும் சிக்னல் நின்றுபோயிருந்தது தெரிந்தது. அதற்கு முந்தைய பெருமழைகளிலும் அப்படியே நின்றிருந்தது.

"பக்கத்துல யாராவது வெல்டிங் பண்றாங்களா?" என்று கேட்டார் அம்மாளின் கொழுந்தன். காலமான கணவரின் தம்பி அவர்; எலெக்ட்ரிக் கடையில் விற்பனையாளர். சாப்பாட்டு நேரத்தையெல்லாம் அண்ணியின் கடையில் துப்பறிவதில் கழிப்பார். தடயம் கிடைக்கும் முன்பே ஆளைப் பிடித்துவிடும் திறமை அவருக்கு உண்டு.

லேத்காரரின் முகம் மாறியது. பக்கத்து வீடே வெல்டிங் பட்டறைதான். மதில் விஷயமாகப் பேச்சுவார்த்தை நின்று வெகுகாலம் ஆகிறது. இந்த வருஷம் அந்த ஆள் போட்ட தகர ஷெட், பாறைக்கும் வீட்டுக்கும் நேர்க்கோட்டில் நிற்கிறது.

"அந்த ஷெட்டுதான்னு நீங்க சொன்னா..." என்று இழுத்தார். உள்ளங்கையை முழங்காலில் தேய்த்துக்கொண்டார்.

"சிக்னல் கொஞ்சம் கொஞ்சமா குறைஞ்சு நிக்குதா, படக்குன்னு நிக்குதா?" என்று கேட்டார் அம்மாள்.

"படக்குன்னு. கதவைச் சாத்தின மாதிரி. மழை விட்டு ரொம்ப நேரம் கழிச்சு, அதே மாதிரி முழு பலத்தோட திரும்ப வரும்."

"தூறலுக்கு?"

"தூறலுக்கு ஒண்ணும் ஆகாது. பெருமழைக்குத்தான். அதுலயும் முதல் பெருமழைக்கு நிக்கல. அன்னிக்கு வீட்டைப் பூட்டிட்டு எல்லாரும் சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயிருந்தோம். வந்து பாத்தா பதிவு முழுசா இருக்கு. பெட்டிதான் நனைஞ்சு திரை போயிடுச்சு, புதுசு மாத்தினேன். பின்னறை ஒழுகும்மா. ஸ்டேஷன் வேலை முடியட்டும், கூரையை அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டுட்டேன்."

மறுநாள் வந்து பார்ப்பதாகச் சொல்லி அம்மாள் அவரை அனுப்பிவைத்தார்.

மறுநாள் அம்மாளும் கொழுந்தனும் முதலில் பாறைக்குப் போனார்கள். ஒயர்களின் பற்றவைப்பு சுத்தம், பெட்டிக்குள் ஈரமில்லை, ஆன்டெனா ஆடவில்லை. "மனுஷன் கல்யாண மோதிரத்துக்குக் கல்லு பதிச்ச மாதிரி பண்ணியிருக்காரு" என்றார் கொழுந்தன். அவரைப் போனோடு அங்கேயே நிறுத்திவிட்டு அம்மாள் வீட்டுக்கு வந்தார்.

பின்னறையில் ரிசீவர் பெட்டி உயிரோடு இருந்தது. பாறையிலிருந்து ஒவ்வொரு செய்தி வரும்போதும் 'டிக்' என்று ஒரு சத்தம். திரையில் 62 என்று நீர்மட்டம். பெட்டியின் தலையில் நேராக நிற்க வேண்டிய குச்சி ஆன்டெனா, மேலேயிருந்து எதுவோ அழுத்தியதுபோல் ஒரு பக்கம் மடங்கியிருந்தது. மேசை மரத்தில், பெட்டியைச் சுற்றி வெளுத்துப்போன ஒரு வட்டம். அம்மாள் அதை விரல் விரித்துச் சாண் போட்டுப் பார்த்தார். பிறகு அண்ணாந்தார். நேர் மேலே கூரையில் கறுத்த ஈரத்தடம்.

கொழுந்தனைப் போனில் அழைத்து, பாறையில் பேட்டரியைக் கழற்றச் சொன்னார். டிக் சத்தம் நின்றது. திரையில் 62 அப்படியே இருந்தது. வெகுநேரம் காத்திருந்தார். 62.

பேட்டரியைத் திரும்ப மாட்டச் சொன்னதும் டிக் சத்தம் வந்தது. லேத்காரரின் மனைவி வாசற்படியில் நின்று தாழ்ந்த குரலில் பேசினாள். பெட்டி நனைந்த அன்று அவர் வீட்டையே இரண்டாக்கிவிட்டாராம். அதிர்ந்து பேசாத மனுஷர், இத்தனை பேர் சாப்பிடுற வீட்டில் ஒரு பெட்டியைப் பார்த்துக்கொள்ள நாதியில்லையா என்று கத்தினாராம். இறந்துபோன தம்பியும் அவர் பெண்டாட்டியும் இந்த வீட்டிலேயேதான் இருந்தார்கள்.

"அதுக்கப்புறம் மழைன்னா என் ஓரகத்திதான் முதல்ல இங்க ஓடியாருவா. அவ புருஷன் உசுரு இதுலதானே இருந்துச்சு."

அடுக்களையில் தம்பி மனைவி ஒரு பெரிய அலுமினியக் குண்டானைத் துலக்கிக்கொண்டிருந்தாள். அது ஏற்கெனவே பளபளத்தது. ஆனாலும் கை நிற்கவில்லை. அம்மாள் தண்ணீர் கேட்கும் சாக்கில் அருகே போய், குண்டானின் வாயைக் கண்ணால் அளந்தார். அதே சாண்.

வெல்டிங்காரரை விசாரிக்கும் பொறுப்பைக் கொழுந்தன் தானாகவே எடுத்துக்கொண்டார். போன வேகத்தில் திரும்பினார். மழை வந்தால் மெயினையே அணைத்துவிடுவாராம். ஈரத்தில் வெல்டிங் பண்ண எனக்கென்ன ரெண்டு உசுரா என்று கேட்டாராம். தம்பியை ஆறு கொண்டுபோன அன்றைக்கு இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு ஆற்றில் இறங்கித் தேடியவர் அவர்தான். அதை அவர் சொல்லவில்லை. அவர் மனைவி சொன்னாள்.

"அவனைத்தான் குற்றவாளின்னு நினைச்சேன் அண்ணி. இப்ப அவன் மூஞ்சியைப் பாக்கவே கூச்சமா இருக்கு."

தெருமுனையில் நின்று அம்மாள் தான் கண்டதைச் சொன்னார். கொழுந்தன் குரலைத் தாழ்த்தினார்.

"நடுவுல இருக்கிற மரங்களோட ஈர இலை சிக்னலைத் தடுத்துச்சுன்னு சொல்லிடலாமே. யாருக்குத் தெரியப்போகுது?"

"பம்ப் ரூம்ல இப்ப வேற ஒரு வீட்டுப் பிள்ளை வேலை பாக்குறான். அடுத்த மழைக்கும் அந்தப் பொண்ணு குண்டானைத் தூக்கிட்டு ஓடுவா."

"சொன்னா அவ தாங்குவாளா?"

"மாட்டா. சொல்லலன்னா லேத்காரர் தாங்க மாட்டார். இல்லன்னா வெல்டிங்காரர் தலைல விடியும்." அம்மாள் வானத்தைப் பார்த்தார். மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. "பாதியைச் சொல்லிப் பாக்குறேன். பாதியே போதும்னு அவங்க விட்டாங்கன்னா நல்லது."

சாயங்காலம் பின்னறையில் எல்லாரும் கூடினார்கள். வெல்டிங்காரர் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலுக்கு வெளியிலேயே நின்றார். தம்பி மனைவி சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள்.

அம்மாள் பாடம் நடத்துகிறவர்போல நிதானமாகச் சொன்னார். ஷெட் வெயிலிலும் மழையிலும் ஒரே இடத்தில்தான் நிற்கிறது; அது தடுத்தால் எப்போதும் தடுக்க வேண்டும். மழையில் வெல்டிங் நடப்பதில்லை. நனைந்த இலைகள் சிக்னலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னுமே தவிர, கதவு சாத்தியதுபோல் நிறுத்தாது. பாறையில் இருக்கும் கருவியில் ஒரு குறையும் இல்லை.

லேத்காரர் வெல்டிங்காரரை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் தாழ்த்திக்கொண்டார்.

"குறை இந்தப் பெட்டில இருக்கு. மௌனம் சம்மதம்னு எடுத்துக்கிற மாதிரி பண்ணி வச்சிருக்கீங்க. மேல இருந்து பேச்சு நின்னா, கடைசியா கேட்ட எண்ணையே காட்டிட்டு இருக்கு. சைரனும் ஊதல. ஆறு ஏறினாலும், இதைப் பாக்குறவங்களுக்கு அடங்கிக் கிடக்குன்னுதான் தெரியும்."

"அப்ப என் தப்பு" என்றார் லேத்காரர். எதையோ இறக்கி வைத்தவர்போல அவர் தோள் தாழ்ந்தது.

அம்மாள் அதோடு முடித்துவிட நினைத்துக் கைப்பையை எடுத்தார்.

"பேச்சு ஏன் நின்னுச்சு?"

கேட்டவள் தம்பி மனைவி. ஒரு மாதமாக அந்த வீட்டில் யாரும் அவள் குரலைச் சரியாகக் கேட்டதில்லை.

அம்மாளுக்குப் பொய் வரவில்லை. "கூரை ஒழுகுறதாலம்மா" என்றார்.

அவள் கூரையைப் பார்த்தாள். மேசையில் இருந்த வட்டத்தைப் பார்த்தாள். எழுந்து அடுக்களைக்குப் போய்க் குண்டானோடு வந்தாள். யாரும் தடுக்கவில்லை. பழகிய கையால், ஓசைப்படாமல், பெட்டிமேல் அதைக் கவிழ்த்தாள். விளிம்பு வட்டத்தின்மேல் கச்சிதமாக உட்கார்ந்தது.

எல்லாரும் அடுத்த டிக் சத்தத்துக்காகக் காத்திருந்தார்கள். அது வரவில்லை. உலோகம் மூடிய பெட்டிக்குள் சிக்னல் நுழையவில்லை.

"அன்னிக்கு நடுவுல ஓரமா தூக்கிக்கூடப் பாத்தேன் மாமா" என்றாள் அவள், கணவனின் அண்ணனிடம். "ஐம்பதுன்னு இருந்துச்சு. தண்ணி ஏறலக்கா, பயமில்லன்னு அக்காகிட்ட நான்தான் சொன்னேன்."

லேத்காரர் குண்டானை எடுத்துக் கீழே வைத்தார். "கத்துனது நான். கூரையை விட்டது நான். பழைய எண்ணைக் காட்ட வச்சது நான். நீ நான் சொன்ன வேலையைத்தான் செஞ்ச."

அவர் சொன்னது அத்தனையும் நிஜம். ஆனால் அதில் ஒரு சொல்கூட அவள்மேல் பட்டதாகத் தெரியவில்லை. ஓரகத்தி வந்து தோளைப் பிடித்தபோது, பிடித்ததுகூடத் தெரியாமல் நின்றாள்.

மழைக்குள் வேலை முடிய வேண்டியிருந்தது. வெல்டிங்காரர் கேட்காமலே உள்ளே வந்து, மேசையின் மறுமுனையைப் பிடித்தார். அவரும் லேத்காரரும் மேசையை ஒழுகாத சுவரோரம் நகர்த்தினார்கள். அம்மாள் ஆன்டெனாவை நிமிர்த்தினார். சிக்னல் நின்றால் சைரன் அலற வேண்டும் என்று லேத்காரர் பெட்டியின் புரோகிராமை மாற்றி எழுதினார்.

இருட்டுவதற்கு முன்பே மழை பிடித்தது. மேசை இருந்த இடத்தில், வெறுந்தரையில், முதல் சொட்டு விழுந்தது. தம்பி மனைவி குண்டானை எடுத்துவந்து அதற்கு நேர் கீழே நிமிர்த்தி வைத்தாள். சுவரோரம் டிக், டிக் என்று எண்கள் தவறாமல் வந்தன. 71. 80. 94.

பிறகு கூரைமேல் சைரன் ஊதியது.

அவள் பின்கதவைத் திறந்துகொண்டு நின்றாள். தூரத்தில் பம்ப் அறைக் கதவு திறந்தது. யாரோ ஒருவர் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு, வழுக்கி, எழுந்து, மேட்டில் ஏறி வந்தார். அவருக்குப் பின்னால் தண்ணீர் படிகளை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டு வந்தது. அவர் மேட்டைத் தாண்டித் தன் வீட்டுத் தெருவில் திரும்பி மறைந்தார். அவர் மறைந்த பிறகும் அவள் அந்தப் பாதையையே பார்த்துக்கொண்டு நின்றாள். சைரனை நிறுத்த யாரும் போகவில்லை.