ஓடாதவர்களின் பட்டியல்

கிள்ளானிலிருந்து வந்த காலை ரயில் ஏழு அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது நின்றது. ரமணி இறங்கும்போதே தூறல். வெள்ளைச் சேலை, புதுக் குடை, பைக்குள்ளே வேலைக் கடிதம்... பிரிக்பீல்ட்ஸ் தமிழ்ப் பள்ளியில் இன்றுதான் முதல் நாள்.

ரயில்வே குடியிருப்பின் முனையைத் திரும்பினாள். திமுதிமுவென்று சத்தம். இருபது பையன்கள் வெறுங்காலோடு சேற்றை வாரி இறைத்துக்கொண்டு அவளைத் தாண்டி ஓடினார்கள். முழங்கால் வரை சேலை காப்பி நிறம்!

கடைசியாக ஒருவன் ஓடி வந்தான். கழுத்தில் விசில், கையில் கடிகாரம். "நடக்காதடா! மெதுவா ஓடு, ஆனா நிக்காதே!" என்று கத்தியவன், அவளைக் கண்டதும் தானே நின்றுவிட்டான்.

"உங்க பிள்ளைங்களா?" என்றாள் ரமணி, பல்லைக் கடித்துக்கொண்டு.

"ஆமாங்க... மன்னிச்சிடுங்க."

"இருபதுமா?"

அவன் முகம் சிவந்தது. "பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க. நான் தேகப்பயிற்சி வாத்தியார், வேலாயுதம்."

"நான் அதே பள்ளிக்கூடத்துப் புது டீச்சர். நல்ல வரவேற்பு!"

கோபமாகத்தான் சொன்னாள். ஆனால் இமையில் மழைத்துளி நிற்க, பேந்தப் பேந்த விழித்த அந்தக் கண்கள்... சே, என்ன நினைப்பு இது, என்று குடையைச் சாய்த்துக்கொண்டு நடந்தாள்.

பள்ளிக்குப் போன பிறகுதான் விஷயம் தெரிந்தது. ஓடி வந்து இரண்டு பங்கு சோறு கேட்கிறார்கள் என்று பெற்றோர் புகார் சொல்லியிருந்தார்கள். பள்ளி நிர்வாகி கன்னையா வேலாயுதத்துக்குக் கெடு வைத்துவிட்டார். "பன்னிரண்டு வாரம் தர்றேன். ஓடுற பிள்ளைக்கும் ஓடாத பிள்ளைக்கும் வித்தியாசம் காட்டு. இல்லேன்னா ஓட்டமும் வேணாம், ஓட்ட வாத்தியாரும் வேணாம்."

வேலை போனால் வேலாயுதம் காப்பாருக்குத் திரும்ப வேண்டும். அங்கே தென்னந்தோட்டத்தில் அண்ணன் அவனுக்குக் கணக்கெழுதும் கிராணி வேலை பார்த்து வைத்திருந்தார்.

ரமணிக்குக் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அதனால் பதிவு நோட்டு அவளிடம் வந்தது. தினமும் பள்ளி விட்டபின் திடலோரம் உட்காருவார்கள். அரை மைல் ஓடி வந்த பையனின் மணிக்கட்டை அவன் பிடிப்பான், எண்ணைச் சொல்வான், அவள் எழுதுவாள். முதல் வாரம் சராசரி நூற்று முப்பத்திரண்டு துடித்த நாடி, ஆறாம் வாரம் நூற்றுப் பதினெட்டுக்கு வந்தது.

"பார்த்தீங்களா டீச்சர்! இதயம் பழகுது!"

"ஆமா... பழகுது" என்றாள், நோட்டை விட்டுத் தலை நிமிராமல்.

பத்தாம் வாரம் தோட்டத்துப் பிள்ளை மாரியாயிக்கு வகுப்பிலேயே காய்ச்சல். வீட்டில் விட, பங்சார் தோட்டம் வரை ரமணியே அவளைத் தூக்கியும் நடத்தியும் கூட்டிப் போனாள். ரப்பர் மரங்களுக்கு நடுவே, மேடும் பள்ளமுமாக, மூன்று கட்டை தூரம், முழுசாக மூன்று மைல்! திரும்பி வந்தபோது அவள் கால் கெஞ்சியது. அந்தப் பாதையில்தான் தோட்டத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும், மணியடிப்பதற்குள் வந்துவிட, தினமும் ஓட்டமும் நடையுமாக வந்துகொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. காலை ஆறு மணிப் பயிற்சிக்கு வர முடியாதென்று, வேலாயுதம் 'ஓடாதவர்கள்' பட்டியலில் சேர்த்திருந்தது அந்தப் பிள்ளைகளைத்தான். அவர்களுக்கு ஆரம்ப அளவுகூட எடுக்கவில்லை.

மறுநாள் சொன்னாள். அவன் முகம் இறுகியது.

"ரெண்டு வாரம் இருக்கறப்போ கணக்கே தப்புங்கறீங்களா? நோட்டு எழுதத்தான் உங்களைக் கேட்டேன் டீச்சர்... தீர்ப்பு எழுத இல்ல."

"சரிங்க சார். இனி எழுத மட்டும் செய்யறேன்."

அதன்பின் எண்களைத் தவிர ஒரு சொல் இல்லை. பதினாறு நாள்! அவள் ஒவ்வொன்றாக எண்ணினாள்.

சோதனை நாள், சனிக்கிழமை. வானம் கறுத்துக் கிடந்தது. இரண்டு கூட்டமும் அரை மைல் ஓடி முடித்தன. கன்னையா நாற்காலியில் சாய்ந்தார். "டீச்சரம்மா, படிங்க."

ரமணி நோட்டைத் திறந்தாள். ஓடியவர்கள், சராசரி நாடி நூற்று நான்கு. அடுத்த பக்கம்... வேலாயுதத்தைப் பார்த்தாள். அவனுக்கும் தெரியும். எண்ணிச் சொன்னவன் அவன்தானே!

அவன் ஒரு கணம் கண்ணை மூடினான். "உள்ளதைப் படிங்க டீச்சர்."

"ஓடாதவங்க... நூற்று மூணு."

கன்னையா சிரித்தார். "ஓடாதவன் ஒரு படி மேல! பன்னிரண்டு வாரம் எதுக்கய்யா சேத்துல புரண்டீங்க?"

"குத்தம் ஓட்டத்துல இல்லீங்க, என்கிட்ட" என்றான் வேலாயுதம். குரல் நடுங்கவில்லை. "ஓடாதவங்கன்னு நான் எழுதினது தோட்டத்துப் பிள்ளைங்களை. போக வர ஆறு கட்டை, வருஷக்கணக்கா நடக்கற பிள்ளைங்க. ரமணி டீச்சர் முன்னாடியே சொன்னாங்க. என் வீம்பு, கேக்கல. ஓடின ரயில்வே குடியிருப்புப் பிள்ளைங்க நூற்று முப்பத்திரண்டுலேருந்து நூற்று நாலுக்கு வந்திருக்காங்க. ஆனா அது ஓட்டத்தாலதான்னு இந்த நோட்டை வச்சு சத்தியம் பண்ண முடியாது. அவங்களையே ரெண்டாப் பிரிச்சு, பாதிப் பேரை ஓட விட்டிருக்கணும்."

கன்னையா சிரிப்பை நிறுத்தினார். நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"தப்பை ஒத்துக்கற வாத்தியாரை இப்பத்தான் பார்க்கறேன்" என்று எழுந்தார். "இன்னொரு பன்னிரண்டு வாரம். இந்தத் தடவை டீச்சரம்மா பிரிக்கட்டும். நீ ஓட விடு."

அவர் போனதும் மழை கொட்டியது. பிள்ளைகள் கூச்சலோடு சிதற, இருவரும் திடலோரக் கொட்டகைக்குள் ஒதுங்கினார்கள்.

"அன்னிக்குக் கேட்டிருக்கணும்... மன்னிச்சிடுங்க" என்றான்.

"நானும் ஒண்ணு சொல்லணும்." சேலை நுனியை விரலில் சுற்றினாள். "அந்த நூற்று மூணை நூற்று முப்பதுன்னு படிச்சிடலாமான்னு... ஒரு நொடி நினைச்சேன். ஒரு எண்ணைக்கூட நான் மாத்தி எழுதினதில்ல. இன்னிக்கு வாய் வரைக்கும் வந்துடுச்சு."

"ஏன் டீச்சர்?"

"ஏன்னு கேக்கறீங்களே!" கண் கலங்கிவிட்டது. "நீங்க காப்பாருக்குப் போயிடுவீங்களே... அதான்."

அவன் கழுத்து விசிலைக் கழற்றிப் பையில் போட்டான்.

"பதினாறு நாளும்... சாயங்காலம் வராதான்னுதான் காத்துக்கிட்டு இருந்தேன். வந்ததும் பேச வாய் வராது" என்றான். பிறகு, மெல்ல, "காப்பாருக்குப் போகத்தான் போறேன் ரமணி. அம்மாகிட்ட உங்களைப் பத்திச் சொல்ல."

முதல் தடவையாகப் பெயர் சொல்கிறான்! அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உதட்டோரச் சிரிப்பைத்தான் மறைக்க முடியவில்லை.

"கிள்ளானைத் தாண்டித்தானே காப்பார்?" என்றாள். "வழியில எங்க ஊர்ல இறங்குங்க... முதல்ல எங்கப்பாகிட்ட சொல்லிட்டு, அப்புறம் போங்க."