நாலாம் நம்பர் கிளாஸ்

"ஐயோ! தலைவர் விழுந்துட்டாரு!"

அலறியது வக்கீல். கோர்ட்டில் அவர் இப்படி ஒரு நாள் குரல் கொடுத்திருந்தால் ஒரு கேஸாவது ஜெயித்திருப்பார்.

வட்ட மேஜைக்குக் கீழே தலைவர் மல்லாந்து கிடந்தார். கண்கள் செருகி... வாயோரம் நுரை தள்ளி... வலது கையில் மட்டும் காலி கிளாஸ். ஒரு சொட்டு சிந்தவில்லை. ரசிகர்!

பல் டாக்டர் பாய்ந்து வந்து தலைவரின் வாயைப் பிளந்து பார்த்தார்.

"என்ன டாக்டர், என்ன ஆச்சு?"

"பல்லெல்லாம் நல்லாத்தான் இருக்கு!"

சுவரோரம் வரிசையாக நின்ற பாட்டில்களுக்கு நடுவே நின்றான் மச்சினன்.

தலைவருடைய மனைவிக்குத் தம்பி. அதனால் வீட்டில் மச்சினன், கிளப்பில் மச்சினன், தெருமுனைக் கடையிலும் மச்சினன். சொந்தப் பெயரைக் கேட்டால் அவனே கொஞ்சம் யோசிப்பான். மாமா வீட்டில் சாப்பாடு, மாமா வீட்டில் படுக்கை. பதிலுக்கு மாமாவின் கிளப்பில் ஊற்றிக் கொடுக்கும் உத்தியோகம்.

"அச்ச்!"

தும்மினான். ஜலதோஷம். மூக்கு இரண்டும் சிமெண்ட் வைத்துப் பூசியதுபோல் அடைத்துக் கிடந்தது.

அது சாதாரணக் கிளப் இல்லை. குடிப்பவர்கள் கிளப் என்று சொன்னால் அடிக்க வருவார்கள். ருசிப்பவர்கள் கிளப்! பாட்டில்களுக்குத் துணி உறை மாட்டி, நம்பர் மட்டும் ஒட்டி, பீரில் தொடங்கி ரம் வழியாக விஸ்கிக்கு வருவார்கள். மோந்து, உறிஞ்சி, வாய்க்குள் உருட்டி, வர்ணித்து, மார்க் போட்டு... பித்தளை வாளியில் துப்பிவிடுவார்கள். விழுங்குவது கேவலம்.

ஒரே ஒரு விதிவிலக்கு. முதல் பரிசு வாங்கிய சரக்கை மட்டும் தலைவர் ஒரு முழு மடக்கு விழுங்குவார்.

இன்று விழுங்கினார். விழுந்தார்.

ஆம்புலன்ஸ் தலைவரை அள்ளிக்கொண்டு பறந்த கையோடு இன்ஸ்பெக்டர் அம்மா ஒரு பெண் கான்ஸ்டபிளோடு உள்ளே வந்தார். நேராகப் போய் தலைவரின் கிளாஸை எடுத்தார். மூக்கருகே கொண்டு போனார்.

சடாரென்று தலையைப் பின்னுக்கு இழுத்தார்.

"யோவ்! இது மூட்டைப்பூச்சி மருந்துய்யா!"

அறையில் இருந்தவர்களை ஒரு சுற்று பார்த்தார்.

"இதை எல்லாருமா வாயில ஊத்தினீங்க?"

"ஊத்தினோம் மேடம். ஆனா துப்பிட்டோம். அதுதான் முறை" என்றார் பல் டாக்டர்.

"நாத்தம் தெரியலையா?"

வக்கீல் புண்பட்டார்.

"அதை நாத்தம்னு சொல்லக் கூடாது மேடம். புகை வாசம் ஏத்தின விஸ்கின்னா அப்படித்தான் இருக்கும். நான் 'மழையில நனைஞ்ச ஆஸ்பத்திரி'ன்னு வர்ணிச்சேன்."

"நான் 'புதுசா தார் பூசின படகு'ன்னேன்" என்றார் பல் டாக்டர், விட்டுக்கொடுக்காமல்.

"உங்க தலைவர்?"

"ரொம்ப நேரம் கண்ணை மூடிக்கிட்டே இருந்தாரு மேடம். அப்புறம் 'கடவுள் கை கழுவின தண்ணி'ன்னாரு. நூத்துக்குத் தொண்ணூத்தாறு! பீர், ரம் எல்லாத்தையும் அடிச்சுத் தள்ளிட்டு நாலாம் நம்பர்தான் முதல் பரிசு!" என்றார் வக்கீல்.

"மிச்ச நாலு மார்க் என்ன பாவம் பண்ணுச்சு?"

"முடிவு கொஞ்சம் திடீர்னு வருதுன்னு கழிச்சுட்டாரு."

இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டார்.

"ஊத்தினது யாரு?"

எல்லா விரல்களும் ஒரே திசையில் நீண்டன. நம்பர் ஒட்டியது, உறை மாட்டியது, மூடி திறந்தது, ஊற்றியது... எல்லாம் மச்சினன். வாயில் வைக்காதவனும் அவன் ஒருத்தன்தான்.

"ஏன்யா, நீ மோந்துகூடப் பாக்கலையாமே?"

"ஜ... ஜலதோஷம் மேடம்!"

"வசதியான ஜலதோஷம். இங்க பாரு... உங்க மாமா பொழைக்கலைன்னா இது கொலை. ஆயுசுக்கும் களி... ஊத்திக் குடுக்க அங்க ஆள் தேவைப்படாது."

மச்சினன் நாலாம் நம்பர் பாட்டிலைத் திருட்டுத்தனமாகப் பார்த்தான்.

நாலாம் நம்பரில் இருந்திருக்க வேண்டியது நாற்பது வருஷ விஸ்கி. போன கூட்டம் முடிந்ததுமே மாமா அதை அவனிடம் ஒப்படைத்துவிட்டார்.

'பத்திரமா வெச்சிரு மாப்ளே. அடுத்த கூட்டத்துல இதுதான் ராஜா.'

பத்திரமாகத்தான் வைத்தான். தன் வயிற்றுக்குள்! தினம் கொஞ்சம், தினம் கொஞ்சம் என்று ராஜா காலி. இன்று காலையில் மட்டச் சரக்கோடு டீத்தண்ணி கலந்து அந்தச் சதுர பாட்டிலை நிரப்பி ஒளித்து வைத்தான். சாயங்காலம் எடுத்து வந்தான். அவ்வளவுதான்!

மூட்டைப்பூச்சி மருந்து எங்கிருந்து வந்தது?

வாயைத் திறந்தால் திருடன். மூடினால் கொலைகாரன். எல்லாவற்றுக்கும் மேலே, அக்கா தலையில் அடித்துச் செய்த சத்தியம்... 'இனிமே தொட மாட்டேன்!'

கதவு படீரென்று திறந்தது.

அக்கா!

"ஆஸ்பத்திரியிலேர்ந்து வரேன். வயித்தைக் கழுவிட்டு இருக்காங்க. இன்னும் கண்ணு முழிக்கலை. என் புருஷனை இப்படிப் பண்ணின பாவி எவன்?" என்று கேட்டபடியே வந்தவள், உறை கழற்றிய சதுர பாட்டிலைப் பார்த்ததும் நின்றாள்.

"இது எப்படி இங்க வந்துச்சு? இது என் மூட்டைப்பூச்சி மருந்து பாட்டிலாச்சே!"

இன்ஸ்பெக்டர் மெல்லத் திரும்பினார்.

"உங்களோடதா? மருந்தை ஊத்தினது நீங்களா?"

"நான்தான். காலையில மாடிப்படிக்கு அடியில கெடந்துச்சு. திறந்தா சாராய வாடை! அவரு ஒளிச்சு வெச்ச சனியன்னு சிங்க்ல கொட்டினேன். மருந்து வாங்கின தகர டப்பா ஒழுகுது... நல்ல கண்ணாடி பாட்டிலாச்சேன்னு கழுவி இதுல ஊத்தி, அங்கேயே வெச்சேன்."

"புருஷன் மேல கோபமோ?"

"இல்லாம இருக்குமா? கல்யாணமான நாள்லேர்ந்து என் சமையலைச் சாப்பிட்டுட்டு 'ம்'னு ஒரு வார்த்தை. அந்த 'ம்'முக்குமேல இன்னிவரைக்கும் வரலை. இந்தக் கண்றாவியைத் துப்புறதுக்கு முன்னாடி அரை மணி நேரம் கவிதை! சில நாள் நானே பாட்டிலாப் பொறந்திருக்கலாமேன்னு தோணும்."

"காரணமும் கிடைச்சுடுச்சு" என்றார் வக்கீல் உற்சாகமாக.

இன்ஸ்பெக்டர் கண்ணைக் காட்டினார். பெண் கான்ஸ்டபிள் அக்காவின் கையைப் பிடித்தாள்.

அக்காவின் முகம் வெளுத்தது. அவள் தம்பியைத்தான் பார்த்தாள்.

அந்தப் பார்வை போதும்!

"நிறுத்துங்க!" மச்சினன் கத்தினான். தும்மினான். மறுபடி கத்தினான். "அக்காவை விடுங்க! அந்தப் பாட்டிலை மாடிப்படிக்கு அடியில ஒளிச்சு வெச்சது நான்! மாமாவோட நாப்பது வருஷ விஸ்கியைக் குடிச்சதும் நான்! மட்டச் சரக்கை ஊத்தி ஏமாத்தப் பாத்தேன். உள்ள மருந்து மாறினது தெரியாமத் தூக்கிட்டு வந்துட்டேன். அக்காவுக்கு ஒண்ணும் தெரியாது!"

அக்கா நம்ப முடியாமல் பார்த்தாள்.

"என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணினியேடா, பாவி!"

"அதான்க்கா... உனக்கு அப்பப்போ தலைவலி வரும்போதெல்லாம் எனக்கு மனசே கேக்கலை."

பளார்!

அக்கா விட்ட அந்த அறையில் மச்சினனின் அடைத்த மூக்கு ஒரு பக்கம் திறந்துகொண்டது.

அதே நேரம் இன்ஸ்பெக்டரின் போன் அடித்தது. ஆஸ்பத்திரி! ஸ்பீக்கரில் போட்டார்.

"மேடம், பேஷண்ட் கண்ணு முழிச்சுட்டாரு. உங்க கிட்ட முக்கியமா ஒண்ணு சொல்லணுமாம்."

எல்லோரும் மூச்சைப் பிடித்தார்கள். தலைவரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது...

"நாலாம் நம்பர்ல... மிச்சம் இருந்தா... இறுக்கி மூடி வைங்க. ஜென்மத்துல அப்படி ஒண்ணு குடிச்சதில்லை..."

அக்கா போனைப் பிடுங்கினாள். கண்ணில் தண்ணீர். குரலில் நெருப்பு.

"வீட்டுக்கு வாங்க! டப்பாவுல இன்னும் பாதி இருக்கு!"

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"இதை என்ன கேஸ்னு எழுதுறது? மூட்டைப்பூச்சி வந்து புகார் குடுத்தாத்தான் உண்டு."

வக்கீல் தொண்டையைச் செருமினார். "மேடம், ஒரு சின்ன சந்தேகம். விஷம்னு தெரிஞ்ச பிறகு மார்க்கைக் குறைக்க எங்க விதியில இடமில்லை. முதல் பரிசு..."

"வெளிய போறியா?"

வக்கீல் வெளியே போனார். வாளியைத் தூக்கிக்கொண்டு பல் டாக்டரும் போனார்.

இன்ஸ்பெக்டர் மச்சினனைத் தனியே இழுத்தார். குரலைத் தாழ்த்தினார்.

"கேஸை விடுய்யா. இத்தனை ரசிகனுங்கள்ல அந்த நாப்பது வருஷ ராஜாவை நெஜமாக் குடிச்சவன் நீ ஒருத்தன்தான். உண்மையைச் சொல்லு... எப்படி இருந்துச்சு?"

மச்சினன் அக்கம் பக்கம் பார்த்தான். வீங்கிய கன்னத்தைத் தடவிக்கொண்டான். திறந்த ஒரு மூக்கால் மாமாவின் கிளாஸை ஒருமுறை மோந்து பார்த்தான்.

"சத்தியமாச் சொல்றேன் மேடம்... அச்சு அசல் இதேதான்!"