பின் சீட்டுப் பாரம்

வல்லரசு வண்டியை விட்டு இறங்கினான். வண்டி மேலே எழும்பவில்லை.

எந்த வண்டியானாலும் ஆள் இறங்கியதும் பின்பக்கத்து ஸ்பிரிங் பெருமூச்சு விட்டதுபோல விரியும், சீட்டு கொஞ்சம் உயரும். மெக்கானிக் மாரிசெல்வத்தின் கண் அதைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண். இந்த வண்டி தாழ்ந்தது தாழ்ந்தபடியே நின்றது. பழைய காலத்து அழகில் புதிதாகச் செய்து விற்கிற க்ரூசர் பைக். உருண்டை ஹெட்லைட், கறுப்பு டேங்க், ஓட்டுகிறவனுக்கு ஒரு சீட்டு, பின்னால் தனியாக இன்னொரு சின்னச் சீட்டு. வாங்கி ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது. அதற்குள் பின்டயரின் அடிப்பக்கம் பிதுங்கித் தரையை அப்பிக்கொண்டிருந்தது.

"பின்னாடி தாழ்ந்து தாழ்ந்து போகுதுண்ணே. இழுவையும் இல்ல," என்றான் வல்லரசு. மம்சாபுரத்துக்காரன், பட்டாளத்திலிருந்து லீவில் வந்திருந்தான். "எம்புட்டு நாளானாலும் சரி, நல்லாப் பாத்து வைங்க."

"சாயங்காலமே முடிச்சுருவேன் தம்பி. செத்த நேரம் உக்காரு, டீ சொல்றேன்."

"இல்லண்ணே, பஸ் வருது."

பஸ் எதுவும் வரவில்லை. அவன் ரோட்டைக் கடந்து அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டான். புது வண்டியைச் சர்வீசுக்கு விட்டுவிட்டுப் போகிறவர்கள் ஒரு தடவையாவது திரும்பிப் பார்ப்பார்கள். வல்லரசு பார்க்கவில்லை.

இராஜபாளையத்தைத் தாண்டி ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற ரோட்டில், ஒரு நூல் மில்லின் சுற்றுச்சுவரை ஒட்டி இருந்தது மாரிசெல்வத்தின் ஷெட். பின்கதவைத் திறந்தால் வீடு. மில்லின் இரைச்சல் பகலும் இரவும் ஒரே கதியில் சுவர் வழியாக வந்துகொண்டே இருக்கும். கூடவே பஞ்சும் வரும். கண்ணுக்குத் தெரியாத பஞ்சுத் தூசி, பிரித்துப் போட்ட இன்ஜின் மேலும், ஸ்பேனர்கள் மேலும், டீ கிளாஸ் விளிம்பிலும், நின்றுகொண்டிருக்கிற எல்லா வண்டிகள் மேலும் மெல்லிய வெள்ளையாகப் படியும். துடைத்தால் மறுபடி படியும்.

க்ரூசரை மெயின் ஸ்டாண்டில் ஏற்றினான். ஏற்றுவதற்கே மூச்சு வாங்கியது. மெயின் ஸ்டாண்டில் நின்றால் பின்சக்கரம் தரையைத் தொடாமல் சும்மா சுற்ற வேண்டும். இது பின்பக்கமாகச் சாய்ந்து, பின்சக்கரத்தைத் தரையில் அழுத்திக்கொண்டு, முன்சக்கரத்தை அந்தரத்தில் தூக்கி நின்றது. ஸ்டாண்டு வளைந்திருக்குமோ என்று குனிந்து பார்த்தான். வளையவில்லை. ஷாக் அப்சர்பர் இரண்டையும் கழற்றிப் பார்த்தான். ஆயில் கசிவு இல்லை, ஸ்பிரிங் தளரவில்லை. இருந்தாலும் மனது கேட்காமல் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போன் போட்டுப் புது ஜோடி வரவழைத்து மாட்டினான்.

மாட்டி முடித்து, வண்டியைச் சைடு ஸ்டாண்டில் இறக்கி நிறுத்திவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டே தள்ளி நின்று பார்த்தான். புது ஸ்பிரிங் விறைப்பாக நின்றது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பக்கம் முதலில் தாழ்ந்தது. பிறகு மறுபக்கம். வயசான ஆள் ஒருவர் ஒரு காலைத் தூக்கிப் போட்டு ஏறி, இடுப்பை அசைத்துச் சரியாக உட்கார்ந்துகொள்வதைப் போல.

மாரிசெல்வம் துணியைக் கீழே போட்டான்.

ஷெட்டில் இருந்த எல்லாவற்றின் மேலும் காலையிலிருந்து பஞ்சு படிந்திருந்தது. க்ரூசரின் டேங்க் மேலும், ஓட்டுகிறவனுடைய சீட்டின் மேலும்கூட. பின் சீட்டில் மட்டும் ஒரு பொட்டுத் தூசி இல்லை. கறுப்பு ரெக்சின் பளபளவென்று இருந்தது.

மதியத்துக்குப் பிறகு நாச்சியார் வேலையிலிருந்து வந்தாள். அவன் மனைவி. பேண்டேஜ் துணி நெய்கிற யூனிட்டில் காலை ஷிப்டு. சேலையெல்லாம் ப்ளீச்சிங் வாடை. தலைவலிக்கிறது என்று நெற்றியைச் சுருக்கிக்கொண்டே ஷெட் வழியாக உள்ளே போனவள், நடக்கிற வாக்கில் க்ரூசரின் பின் சீட்டில் கையை ஊன்றினாள். ஊன்றிய கையைச் சட்டென்று எடுத்தாள்.

"என்னங்க, யாரும் இப்பத்தான் எந்திரிச்சுப் போனாகளா? சீட்டு சூடா இருக்கு."

"வெயில் பட்டிருக்கும்."

"ஷெட்டுக்குள்ள ஏது வெயிலு?" என்றாள். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "செத்த நேரம் படுக்கேன். எழுப்பிராதீய."

மாரிசெல்வம் வெகுநேரம் கழித்து, ஏதோ பார்க்கிற சாக்கில், முன் சீட்டைத் தொட்டுப் பார்த்தான். குளிர்ந்திருந்தது. பின் சீட்டைத் தொடவில்லை.

பொழுது சாய்கிறபோது மலைப்பக்கம் மேகம் இறங்கி வெளிச்சம் மங்கியது. ஓட்டிப் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு வண்டியை ரோட்டுக்கு எடுத்தான். இன்ஜின் அருமையாக இருந்தது. அடித்தொண்டையில் உறுமுகிற அந்தச் சத்தமும், மழைக்கு முன்னால் கிளம்புகிற மண்வாசனையும், முகத்தில் அடித்த காற்றும் சேர்ந்து கொஞ்ச தூரம் பயத்தை ஆற்றின. முதல் வளைவு வரைக்கும்தான். அவன் இடப்பக்கம் சாய்ந்தபோது பின்னாலிருந்த பாரம் வலப்பக்கம் சாய்ந்தது. வண்டியில் ஏறிப் பழக்கமில்லாதவர்கள் வளைவில் பயந்து எதிர்ப்பக்கம் சாய்வார்களே, அதேபோல. ஹேண்டில் உதறியது. சமாளித்து நேராக்கினான்.

வேகத்தடை வந்தது. பிரேக் பிடித்தான். பாரம் முன்னால் சரிந்து அவன் முதுகில் வந்து ஒட்டியது.

விலகவில்லை.

சட்டை வழியாகச் சூடு தெரிந்தது. அவன் மூச்சை அடக்கினான். பிடரிக்குப் பின்னால் இன்னொரு மூச்சு அடங்காமல் வந்துகொண்டிருந்தது. ஈரத்துணியின் வாடை அடித்தது.

பின்னாலிருந்து ஒரு மொபெட் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. ஓட்டியவர் கையைக் கீழ்நோக்கி ஆட்டினார். சைடு ஸ்டாண்டை எடுக்கவில்லை என்று ரோட்டில் போகிறவர்கள் காட்டுகிற சைகை. மாரிசெல்வம் இடது காலால் தடவிப் பார்த்தான். ஸ்டாண்டு மடங்கித்தான் இருந்தது. மொபெட் பக்கத்தில் வந்தது.

"ஸ்டாண்டு இல்லண்ணே!" என்று கத்தினார் அவர். "பின்னாடி இருக்கவுக காலு! தூக்கி வைக்கச் சொல்லுங்க. ரோட்டுல தேஞ்சுகிட்டே வருது!"

சொல்லிவிட்டு அவர் முந்திக்கொண்டு போய்விட்டார்.

மாரிசெல்வம் வண்டியை ஓரங்கட்டிச் சைடு ஸ்டாண்டைத் தட்டிவிட்டு, சாவியைக்கூட எடுக்காமல் குதித்து இறங்கி, ஒரு புளியமரத்தடி வரைக்கும் ஓடினான். அங்கே நின்று வல்லரசுக்குப் போன் போட்டான். க்ரூசர் சைடு ஸ்டாண்டில் தனியாக நின்றது. பின்பக்கம் தாழ்ந்து நின்றது.

"தம்பி, இந்த வண்டியில என்ன இருக்கு?"

 "ரோட்டுல எடுத்தீயளா?" என்றான் வல்லரசு.

"எடுத்தேன்."

"நம்ம ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலைப் பெருமாளக் கும்பிட்டுட்டு, இருட்டுற நேரம் வந்தேண்ணே. வழியில ஒரு ஆளு கை காட்டுச்சு. மூஞ்சியப் பாக்கல. ஏறிக்கிடுங்கன்னு நின்னேன். மம்சாபுரம் ரோடு பிரியுற விலக்குல நிப்பாட்டி, இறங்குங்கன்னேன். திரும்பிப் பாத்தா ஆளு இல்ல." அவன் குரலைத் தாழ்த்தினான். "ஏறுனது தெரிஞ்சுச்சுண்ணே. இறங்குனது தெரியல."

"ஏலே, இத மொதல்லயே சொன்னா என்ன?"

"சொன்னா வண்டியத் தொட்டிருப்பீயளா?" என்றான் வல்லரசு.  "நான் வீட்டுப் பக்கமே கொண்டு போகலண்ணே. பஸ் ஸ்டாப்புலயே நிப்பாட்டிட்டு நடந்துதான் போவேன். வீட்டுல பிள்ளைக இருக்கு."

மழை பிடித்துக்கொண்டது. வண்டியை அங்கேயே போட்டுவிட்டு நடந்திருக்கலாம். ஆனால் மாரிசெல்வத்துக்கு அந்த நேரம் ஒரு யோசனை வந்துவிட்டது. யோசித்துப் பார்த்தால் மிகச் சாதாரணமான யோசனை. உட்கார இடம் இருப்பதால்தானே உட்கார்ந்திருக்கிறது. பின் சீட்டு தனிச் சீட்டு. மட்கார்டுக்கு அடியில் போல்ட்டைக் கழற்றினால் கையோடு வந்துவிடும். ஸ்பேனர் ஷெட்டில் இருக்கிறது.

திரும்பி ஓட்டினான்.

முதுகில் சூடு. தோளில் ஏதோ சாய்ந்தது. தாடையாக இருக்கலாம். அவன் கண்ணாடியைப் பார்க்கவில்லை. கீழே ரோட்டில், இரண்டு பக்கமும், ஈரத்தில் எதையோ இழுக்கிற சத்தம். சர். சர். சர். வளைவில் இந்தத் தடவை பாரம் அவனோடு சேர்ந்து சாய்ந்தது. பழகிவிட்டது.

ஷெட்டில் கரண்டு இல்லை. மில்லும் நின்றிருந்தது. எப்போதும் இருக்கிற அந்த இரைச்சல் இல்லாமல் தகரக் கூரையில் மழைச்சத்தம் மட்டும் கேட்டது. செல்போன் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, உடம்பு வண்டியில் படாமல் குனிந்து, மட்கார்டுக்கு அடியில் கையை விட்டான். முதல் போல்ட் எளிதாக வந்தது. அடுத்தது துருப்பிடித்தாற்போல முரண்டு பிடித்தது. அழுத்தித் திருப்பினான். விரல் வழுக்கியது. மறுபடி. மறுபடி.

வந்தது.

சீட்டைப் பிடித்து இழுத்தான். கனமாக இருந்தது. சட்டென்று கனம் இல்லை. இரண்டு ஸ்பிரிங்கும் நீளமாக ஒரு மூச்சு விட்டு விரிந்தன, வண்டி உயர்ந்தது, பிதுங்கிக் கிடந்த டயர் வட்டமானது. மாரிசெல்வத்துக்குச் சிரிப்பு வந்தது. கையில் வெறும் சீட்டு. ஆறிப்போன, ஜில்லென்ற வெறும் ரெக்சின் சீட்டு. அழுகையும் சிரிப்புமாக அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

அவனுக்குப் பின்னால், கழிவு ஆயில் பிடித்து வைத்திருந்த தட்டு கவிழ்ந்தது.

டார்ச்சைத் திருப்பினான். கறுப்பு ஆயில் தரையில் பரவிக்கொண்டிருந்தது. அதிலிருந்து இரண்டு கோடுகள் கிளம்பின. பாதச்சுவடு இல்லை. கோடுகள். தூக்கி வைக்கத் தெரியாத கால்கள் இழுபட்டுப் போன இரண்டு கோடுகள். மெக்கானிக் பெஞ்சைச் சுற்றிக்கொண்டு, டயர் அடுக்கைத் தாண்டி, நேராகப் பின்கதவுக்குப் போயின.

பின்கதவு திறந்திருந்தது.

அவன் எப்படி எழுந்தான், எப்படி நடந்தான் என்று தெரியவில்லை. கோடுகள் வாசற்படியில் ஏறின. அடுப்படியைக் கடந்தன. உள் அறையின் ஜன்னல் வழியாக மழை வெளிச்சம் சாம்பல் நிறத்தில் விழுந்திருந்தது. நைலான் நாடாக் கட்டிலில் நாச்சியார் இந்தப் பக்கம் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தாள். நல்ல தூக்கம். சீரான மூச்சு.

கட்டில் கிரீச்சிட்டது.

ஒரு பக்கம் முதலில் தாழ்ந்தது. பிறகு அந்தப் பாதி முழுவதும். நாடாக்கள் இழுபட்டுத் தரையைத் தொடுகிற அளவுக்குத் தொங்கின. தூக்கத்திலேயே நாச்சியார் ஏதோ முனகினாள். புருஷன் வந்து படுக்கிறான் என்று நினைத்திருப்பாள். உடம்பைச் சுவரோரம் ஒதுக்கி இடம் விட்டாள்.

கூப்பிட வேண்டும். வாயைத் திறந்தான். கூப்பிட்டால் அவள் கண் திறப்பாள்.

நாச்சியார் கையை நீட்டி, பக்கத்தில் அணைத்துக்கொண்டாள். கை கட்டிலில் விழவில்லை. பாதி உயரத்தில், ஒன்றுமில்லாத இடத்தில், எதன் மேலோ படிந்து நின்றது. வளையல்கள் மெல்லக் குலுங்கின. அந்தக் கை மெதுவாக உயர்ந்தது, மெதுவாகத் தாழ்ந்தது. மறுபடி உயர்ந்தது. அவளுடைய மூச்சுக்கு அல்ல.