கடைசி ஆளுக்கு எட்டாத குரல்

ஐஸ்லாந்தின் அந்த உள்மலைக் கணவாயில் ஏறும்போதே கந்தக வாடை மூக்கைத் துளைத்தது. காலடியில் எரிமலைச் சாம்பல் கருப்பாகச் சரிந்தது. பனி விழுந்து பாதை மூடுவதற்குள் இந்த மலையில் காணாமல் போன ஓட்டாரின் எலும்பாவது கிடைத்தால், ஊர்த் தேவாலயத்தின் அருகே புதைக்கலாம். அதற்காகத்தான் அவன் மனைவி ராக்னா வந்திருந்தாள். துணைக்கு அவன் தம்பி பிராண்டூர்.

"மெதுவா அண்ணி. ஆடு தோத்துடும் உங்ககிட்ட."

"உன் தொப்பை ஏறலைன்னா அதுக்கு நான் என்னடா பண்ண?"

போன வருடம் இதே பருவத்தில், மேயவிட்ட ஆடுகளை ஊரே சேர்ந்து இந்த மலையிலிருந்து ஓட்டி இறக்கியது. குரல் எட்டும் தூரத்துக்கு ஒருவராக வரிசையில் நிற்பார்கள். 'இறங்கலாம்' என்ற குரல் வாய்க்கு வாய் மாறி வந்து சேரும்வரை யாரும் இடத்தை விட்டு நகரக் கூடாது. வரிசையின் கடைசியில், பள்ளத்தின் விளிம்பில், ஓட்டார் நின்றான்.

திடீரென்று மூடுபனி. பேய்க்காற்று. எல்லோரும் இறங்கினார்கள்.

கடைசி ஆளுக்கு மட்டும் அந்தக் குரல் எட்டவில்லை.

இன்றும் மூடுபனி இறங்கியது. பக்கத்தில் நடந்த பிராண்டூர் வெண்மைக்குள் மறைந்தான்.

"ஹோ...!" என்று கூவினாள் ராக்னா.

"ஹோ...!" வலப்பக்கமிருந்து பிராண்டூர்.

பிறகு இடப்பக்கம். பள்ளத்தின் பக்கம்.

"ஹோ...!"

பிராண்டூர் தட்டுத்தடுமாறி ஓடிவந்து அவள் மணிக்கட்டைப் பற்றினான்.

"எதிரொலி அண்ணி. வெறும் எதிரொலி."

"எதிரொலி இருமுமாடா?"

அவனுக்கும் கேட்டிருந்தது. அண்ணனின் அதே வறட்டு இருமல்.

"அந்தப் பக்கம் போகாதீங்க. அங்க தரையே கிடையாது."

"போகலை. பாவம்டா, அவர் இன்னும் காத்துக்கிட்டு நிக்கிறாரு. இறங்கலாம்னு யாருமே சொல்லலையே."

இரு கைகளையும் வாயருகே குவித்தாள். பள்ளத்தை நோக்கிக் கூவினாள்.

"ஓட்டார்! ஆடெல்லாம் வந்தாச்சு! இறங்கலாம்! வீட்டுக்கு வாங்க!"

கற்கள் மட்டும் சரிந்தன.

மெல்ல. ஒருவர் பார்த்துப் பார்த்து இறங்கும்போது சரிவதுபோல.

இருவரும் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்கள். வீடு சேரும்போது பொழுது சாய்ந்திருந்தது. கிழட்டு நாய் முரி எழுந்து வந்தது. இருவரையும் தாண்டிப் போய், பின்னால் இருந்த வெறுமையைப் பார்த்து வாலை ஆட்டியது, முனகியது.

பிராண்டூர் உள்ளே போய் பூட்ஸைக் கழற்றினான்.

"கதவைச் சாத்துங்க அண்ணி, குளிருது."

ராக்னா கதவைப் பிடித்தபடியே நின்றாள். கன்னம் நனைந்திருந்தது.

"இருடா. அவர் இன்னும் பூட்ஸைக் கழற்றலை."

ஆளில்லாத வாசல் மிதியடியின் மேல், ஈரமான கருஞ்சாம்பல் கட்டி கட்டியாக உதிர்ந்துகொண்டிருந்தது.