முப்பத்தோராம் எண்காரரின் எடை

மார்ச் 4, செவ்வாய். மருந்து ஒப்புதல் அலுவலகம், மூன்றாம் மாடி. காலை 9.10 மணித் தபாலில் ஒரு கடிதம் வந்தது. எடை குறைக்கும் புது ஊசியின் சோதனையில் சேர்ந்திருந்த முப்பத்தோராம் எண்காரர் இறந்துவிட்டதாக அவர் மனைவி எழுதியிருந்தார். ஒன்பதாவது வாரத்திலிருந்தே வயிற்றுவலியால் அவர் படுக்கையை விட்டு எழவில்லை என்றும் இருந்தது.

கோப்பு வேறு கதை சொன்னது. பன்னிரண்டு வாரமும் வந்தார், எடை பார்த்தார், ஊசி போட்டுக்கொண்டார். குறை ஏதும் இல்லை.

அந்த ஊசிக்கு அனுமதி தரும் கூட்டம் அன்று பிற்பகல் மூன்று மணிக்கு. ஆய்வு அதிகாரி கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். சக ஊழியர்கள் அந்த அம்மாளுக்கு வைத்திருந்த பெயர் சல்லடை.

10.25. சோதனை நடந்த மருத்துவமனை. எடை பார்க்கும் அறையில் ஒரு மின்தராசு, ஒரு மேசை. கதவருகே நர்ஸ் நின்றாள், கண் சிவந்திருந்தது.

“ஒம்பதாவது வாரத்துலேருந்து அவர் வரவே இல்ல மேடம். தாள்ல அந்தக் கட்டத்தைக் காலியாத்தான் விட்டேன்.”

“அப்போ இந்தக் கையெழுத்து?”

“என்னுது மாதிரியேதான் இருக்கு. ஆனா நான் போடல.”

ஊசிக் கம்பெனியின் சார்பில் மாதம் ஒருமுறை தாள்களைச் சரிபார்க்கும் ஆள் சிரித்தார். “மாதிரி இருக்காம்! நர்ஸ் பதிவு போச்சுன்னா எந்த ஆஸ்பத்திரியிலயும் சேர்த்துக்க மாட்டாங்க, தெரியும்ல?”

“அவங்களை மிரட்டினது போதும். நீங்க தாளை எப்போ பார்த்தீங்க?”

“மாசக் கடைசியில. எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்துச்சு. அதைப் பார்க்குறதுதான் என் வேலை. இந்த ரூமுக்குள்ள வர்றதே இன்னைக்குத்தான்.”

சல்லடை தராசில் ஏறினார். கைப்பையோடு 64.6. பையை இறக்கி வைத்ததும் 62.8. நர்ஸை ஏறச் சொன்னார்: 51.4. கம்பெனிக்காரர்: 83.2.

“உங்க ஊசியை நீங்களே போட்டுக்கலாமே சார்.”

கம்பெனிக்காரர் வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டார்.

சல்லடை தாளைப் பார்த்தார். ஐந்தாவது வாரம் முதல் எட்டாவது வரை 94.6, 93.8, 93.2, 92.4. அடுத்த நான்கு வாரங்கள்: 91.7, 90.9, 90.4, 89.5. மற்ற முப்பத்தொன்பது பேரின் தாள்களையும் வாங்கிப் புரட்டினார். முடிக்க ஒரு மணி நேரம் ஆனது.

11.50. சோதனையை நடத்திய டாக்டரின் அறை.

“துக்கத்துல அவர் சம்சாரம் தேதியைக் குழப்பிக்கிட்டாங்க. அவர் வந்தார்.”

“நர்ஸ் வரலைங்கறாங்க.”

“பயம். ஆள் செத்துட்டார்னதும் நழுவப் பார்க்குது.”

“நீங்க பார்த்தீங்களா?”

“கடைசி வாரம் நானே பக்கத்துல நின்னேன். எண்பத்தொம்பது புள்ளி அஞ்சு. தராசுல என் கண்ணால பார்த்தேன்.”

“நடுவுல தராசு ஏதும் மாத்தலையே?”

“மூணு வருஷமா அதேதான்.”

“அப்போ அந்த நாலு வாரத்தையும் எழுதினது நீங்கதான் டாக்டர்.”

டாக்டர் சிரிக்க முயன்றார். சல்லடை தாளை மேசைமேல் திருப்பி வைத்தார்.

“உங்க தராசு இருநூறு இருநூறு கிராமாத்தான் ஏறும். புள்ளிக்கு அப்புறம் ரெட்டைப்படை மட்டும்தான் காட்டும். காலையில ஏறிப் பார்த்தோம். மத்தவங்க தாள்ல ஒரு ஒத்தைப்படை இல்ல. இவர் தாள்ல கடைசி நாலுல மூணு ஒத்தைப்படை. தினமும் அந்தத் தராசைப் பார்த்து எழுதுற பொண்ணு பொய் எழுதினாலும் ரெட்டைப்படையிலதான் எழுதியிருக்கும். தராசுப் பக்கமே போகாத கைதான் இப்படி எழுதும்.”

“கம்பெனிக்காரனும்தான் போனதில்ல!”

“ஆமா. ஆனா அந்தத் தராசு காட்டவே முடியாத எடையைக் கண்ணால பார்த்தேன்னு அவர் சொல்லலையே.”



“வயித்துவலின்னு எழுதியிருந்தா கூட்டம் ஆறு மாசம் தள்ளிப் போயிருக்கும்” என்றார் டாக்டர், தாளைப் பார்த்தபடி.

“ஆறு மாசம்தானே டாக்டர்.”

3.00. கூட்டம் நடந்தது. ஊசிக்கான விண்ணப்பம் திருப்பி அனுப்பப்பட்டது. மரணம் குறித்து விசாரணைக்கு உத்தரவிட்டார்கள். நர்ஸின் பதிவில் மாற்றமில்லை. மற்ற முப்பத்தொன்பது பேரையும் மறுநாள் காலை வயிற்றுப் பரிசோதனைக்கு அழைத்தார்கள். முப்பத்தாறு பேர்தான் வந்தார்கள்.