நெகிழட்டைக்கு அன்னதானம்

காலையில் எழுந்ததும் கிளாடிஸ் பல் தேய்த்தாள், பிறகு செவுள் தேய்த்தாள். கழுத்தின் இருபுறமும் பொருத்தியிருந்த செயற்கைச் செவுள்கள் தண்ணீரிலிருந்து மூச்சைப் பிரித்துக் கொடுத்தன. கூடவே கடலின் ருசியையும் நாக்குக்கு அனுப்பின. கடலாய்வுத் துறையில் சேர்ந்த அன்று இதை யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வேலையே வேண்டாமென்று ஓடியிருப்பாள்.

பன்னிரண்டு வருடமாக அவள் நாக்கில் இருந்தது நெகிழட்டையின் ருசி. பிளாஸ்டிக்கைத் தின்பதற்கென்றே ஆய்வகத்தில் உருவாக்கி மன்னார் வளைகுடாவில் விட்ட பிராணி அது. கையளவு உடம்பு, சளி நிறம், தொட்டால் ஒட்டும். முன்னோர்கள் வேலை மெனக்கெட்டு வீசியெறிந்த பைகளைத் தின்று, கடலடி முழுக்கக் கொழகொழவென்று கழிந்து வைத்திருந்தது. அந்தக் கழிவுக்கு அடியில் கடற்புல் செத்தது. புல்லை மேயும் கடல்பசுவும் காணாமல் போயிற்று.

இப்போது குப்பை தீர்ந்து, அட்டைகள் பட்டினியில் சுருங்கிக்கொண்டிருந்தன. போன வாரம் ஒரு தீவுக்குத் தெற்கே, ஒரு வயல் அளவுக்குப் பச்சைப் புல்லைக் கண்டாள் கிளாடிஸ். அதில் ஒரு கடல்பசு மேய்ந்தது, பக்கத்திலேயே கன்று. தண்ணீர் வெறும் உப்பாக இருந்தது. வெறும் உப்புக்கு இவ்வளவு ருசியா என்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. அன்றே இடத்தைக் குறித்து, சனியன் ஒழிந்தது என்ற சந்தோஷத்தில் அறிக்கை எழுதினாள்: 'மூன்று மாதத்தில் இங்கே ஒரு நெகிழட்டைகூட மிஞ்சாது.'

இன்று இயக்குநர் சேக் முகைதீன் அவளைத் துறையின் படகில் அதே இடத்துக்கு அழைத்துவந்திருந்தார். பின்னாலேயே ஒரு சரக்குப் படகு. துறைப் படகு நிறையப் பார்வையாளர்கள்.

"ஒங்க அறிக்கையப் படிச்சு மேலிடமே கலங்கிப்போச்சும்மா. ஒரு இனமே பட்டினி கெடந்து சாவுதுன்னு மொதல்ல கண்டுபிடிச்சது நீங்கதான்."

"சாவட்டும்னுதான் சார் எழுதுனேன். அது போனாத்தான் புல்லு நிக்கும். கடல்பசு கன்னு போட்டிருக்கு."

"அதையும் படிச்சேன். ஆனா கடலச் சுத்தம் பண்ணுன சாமின்னுல்லா சனங்க அட்டையக் கும்பிடுதாவ. பட்டினி போட முடியுமா?"

மூடிக்கிடந்த பிளாஸ்டிக் ஆலையைத் திறந்து, அட்டைகளுக்கென்றே புதுப் பைகள் செய்திருந்தார்கள். சரக்குப் படகு அவற்றைக் கவிழ்த்துக் கொட்டியது. மிதக்காமல் முங்குவதற்கு ஒவ்வொரு பையிலும் ஒரு கல். பச்சைப் புல் கொஞ்சம் கொஞ்சமாக வெள்ளையாவதைக் கிளாடிஸ் மேலிருந்தே பார்த்தாள். கடல்பசு கன்றைத் தள்ளிக்கொண்டு ஆழத்துக்குப் போனது. அது திரும்பாது.

பார்வையாளர் கூட்டத்தில் ஓர் அம்மாள் மிக்சரைத் தின்று முடித்தாள். காலி பாக்கெட்டைக் கண்ணில் ஒற்றித் தண்ணீரில் போட்டுவிட்டு, "பாவம், வாயில்லாச் சீவன்" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பக்கத்திலிருந்தவர்களும் அவசரமாகத் தங்கள் பைகளைத் துழாவினார்கள்.

கிளாடிஸ் படகின் விளிம்பில் குனிந்து துப்பப் போனாள். படகுக் காவலர் ஓடிவந்து தோளைப் பிடித்தார்.

"மேடம், கடல்ல துப்பாதிய. பாத்துப் பாத்துச் சுத்தமா வச்சிருக்கோம்லா."