சூடு ஆறாத போத்தல்

பிரிட்ஜுக்குள் இரண்டு நாள் கிடந்த போத்தல் சூடாக இருந்தது. பாலும் முட்டையும் முந்தாநாள் மீன்குழம்பும் பக்கத்தில் விறைத்துக் கிடக்க, அந்தச் சிவப்பு வைன் போத்தல் மட்டும் காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றி மாதிரிக் கையைச் சுட்டது. செபமாலைமுத்து எடுத்த வேகத்திலேயே அதைத் திரும்பவும் குழம்புச் சட்டிக்குப் பின்னால் மறைத்து வைத்துக் கதவைச் சாத்தினார். மனைவி மெற்றில்டாவிடம் சொல்லவில்லை. சொன்னால் போத்தல் எங்கிருந்து வந்தது என்று கேட்பாள். கென்ற் பக்கத்துத் திராட்சைத் தோட்டக்காரி மிஸிஸ் வில்மொட் பார்சலில் அனுப்பியது என்று சொன்னால், அங்கே வேலைக்கு விட்ட தன் தம்பி எங்கே என்று கேட்பாள்.

அவர் சொல்லாமலே அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். தம்பி கிறிஸ்துராஜா முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ரோட்டோரப் பெட்டியில் இருந்து போன் எடுப்பான். ஈஸ்டரோடு அது நின்றுவிட்டது. இப்போது தொண்ணூற்றி நான்கு ஒக்டோபர்.

"இண்டைக்கு அவனைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. இல்லாட்டி நானே ரெயில் ஏறிப் போவன்" என்றாள்.

சொன்னதைச் செய்கிற பெண் மெற்றில்டா. அது லண்டனில் எட்மண்டன் முழுக்கத் தெரியும்.

எல்லாவற்றுக்கும் காரணம் செபமாலைமுத்தரின் வாய். இரண்டு வருஷத்துக்கு முன் கோயிலில் பஸ் பிடித்து, கென்றில் மூன்று திராட்சைத் தோட்டங்களுக்குச் சுற்றுலா போனார்கள். யாழ்ப்பாணத்தில், இளவாலையில் அவருக்குத் திராட்சைப் பந்தல் இருந்தது. முந்திரிகைப் பந்தல் என்றுதான் சொல்லுவார். அந்த ஒரு பந்தலை வைத்துக்கொண்டு, பரம்பரையாக வைன் வடிக்கிற வெள்ளைக்காரனுக்கெல்லாம் வழிநெடுகப் புத்தி சொன்னார். கேட்டவனுக்கும் சொன்னார், கேளாதவனுக்கும் சொன்னார். காது கொடுத்துக் கேட்டவள் மூன்றாம் தோட்டத்து மிஸிஸ் வில்மொட் ஒருத்திதான். அவளுடைய கொடிகள் மஞ்சள் பூத்துச் சாகக் கிடந்தன. ஊரில் ஆடு அடித்தால் இரத்தத்தைக் கொடியின் அடியில் ஊற்றுவோம், சூடு ஆறமுதல், வெதுவெதுப்பாய் இருக்கும்போதே ஊற்றவேணும் என்று அவளிடம் சொன்னார். அதுவரை உண்மை. உயிர் எவ்வளவு பெரிதோ பழம் அவ்வளவு இனிப்பு என்பது அவர் அந்த இடத்தில் கைக்காசாகச் சேர்த்தது.

அடுத்த கிழமையே மைத்துனனைக் கொண்டுபோய் அங்கே விட்டார். பெடியனுக்குக் குரோய்டன் குடிவரவுக் கந்தோரில் விசா மறுத்துவிட்டார்கள். வீட்டில் செற்றியில் படுத்துக்கொண்டு, மூன்று நேரமும் கோப்பை நிறையச் சோறு தின்றான். இவருக்கு அது பொறுக்கவில்லை. காரில் ஏறும்போது மிஸிஸ் வில்மொட்டிடம், இவனிடம் பேப்பர் இல்லை, எங்கும் போகமாட்டான், இவனைத் தேடி ஒருத்தரும் வரமாட்டார்கள் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு வந்தார்.

இன்றைக்கு நேரே மூன்றாம் தோட்டத்துக்குப் போயிருக்கலாம். முதலாவதில் நிறுத்தினார். விசாரிப்பதற்கு என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். அது பயம்.

முதலாம் தோட்டத்தில் மழை பெய்து ஓய்ந்திருந்தது. ஈரச்சாக்கும் புளித்த பழமும் மணக்கிற கொட்டிலில் வெள்ளைக்காரர்கள் வரிசையாக நின்று, வைனை வாயில் ஊற்றிக் கொப்பளித்து, காலடி வாளிக்குள் துப்பிக்கொண்டிருந்தார்கள். செபமாலைமுத்து துப்புவதில்லை. வாய்க்குள் போனதைத் துப்புகிறவன் பஞ்சம் அறியாதவன் என்பது அவர் கொள்கை. புளிப்பை மடமடவென்று விழுங்கிவிட்டு, மிஸிஸ் வில்மொட்டின் தோட்டம் எப்படி என்று கேட்டார். தோட்டக்காரன் தன் கொடிகள் மேல் விரித்திருந்த கறுப்பு வலையைக் காட்டினான். குருவிக்குப் பயந்து எல்லோரும் வலை போடுகிறோம், அவள் போடுவதில்லை, அங்கே ஒரு குருவியும் இறங்குவதில்லை என்றான். சொல்லும்போது அவன் சிரிக்கவில்லை.

இரண்டாம் தோட்டத்திலும் குடித்தார், கேட்டார். இந்த மண்ணில் சிவப்பு வைன் எங்களுக்கு வாய்க்காது, வெள்ளைதான் வரும், அவளுக்கு மட்டும் எப்படி வந்தது என்று தெரியவில்லை என்று அந்த வீட்டுப் பெண் சொன்னாள். பிறகு, விடியற்காலையில் அவள் தோட்டத்து நிலத்திலிருந்து ஆவி எழும்புகிறது என்றாள். வாய் தவறிச் சொன்னவள் போல உடனே கிளாஸ்களைக் கழுவப் போய்விட்டாள்.

மூன்றாம் தோட்டத்துக்கு வந்தபோது வெளிச்சம் சாயத் தொடங்கியிருந்தது. வழியெல்லாம் கென்ற் முழுவதும் மஞ்சளாய் உதிர்ந்துகொண்டிருக்க, இங்கே மட்டும் இலைகள் எண்ணெய் பூசினாற் போலக் கரும்பச்சையாய், ஒன்றின்மேல் ஒன்று அடர்ந்து, காற்றே இல்லாத அந்த நேரத்தில் மெல்லச் சரசரத்துக்கொண்டிருந்தன. குருவிச் சத்தம் இல்லை. நாய் இல்லை. ஈரமண் வாசம் வந்தது. அதற்குக் கீழே இன்னொரு வாசம். ஞாயிறு காலை இறைச்சிக்கடைக் கட்டையைக் கழுவுகிற வாசம். கார்க் கதவைப் பூட்டத் திரும்பியவரின் சேர்ட் கையைக் கொடியின் சுருள் ஒன்று பிடித்திருந்தது. பிய்த்து எறிந்தார். விரலில் ஈரம் பட்டது. வெதுவெதுப்பான ஈரம்.

மிஸிஸ் வில்மொட் கொட்டில் வாசலில் நின்றாள். இரண்டு வருஷத்துக்கு முன் பார்த்ததைவிட இளமையாய் இருந்தாள். கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய், உங்கள் புத்தியால்தான் என் தோட்டம் பிழைத்தது என்று நன்றி சொல்லி, சிவப்பு வைனை நிறைய ஊற்றிக் கொடுத்தாள். குடிக்கக்கூடாது என்று நினைத்தபடியே வாயில் வைத்தார். சூடு. உப்பு. பிறகுதான் இனிப்பு. வாழ்க்கையில் முதல்முறையாக அவருக்குத் துப்பவேண்டும் போல் இருந்தது. கீழே பார்த்தார். வாளி இல்லை. அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். விழுங்கினார்.

வாளி எங்கே என்று கேட்டார். அது கிறிஸ்துராஜாவிடம் இருக்கிறது என்றாள்.

அவர் கொட்டிலுக்கு வெளியே இறங்கினார். கொடிகளுக்கு நடுவில் அவன் வந்தான். ஒரு கையில் வாளி. முகத்தில் ஒரு சொட்டுச் சிவப்பில்லை, உதடுகூட வெளிறியிருந்தது. சுருட்டிவிட்ட சேர்ட்டுக்குக் கீழே இரண்டு கைகளிலும் மணிக்கட்டில் இருந்து முழங்கை வரை துணிக்கட்டு. சிரித்தான்.

"வாங்கோ அத்தான். நல்ல உடம்பாய்த்தான் இருக்கிறியள்."

"வா ராசா, வீட்டை போவம். அக்கா பார்த்துக்கொண்டிருக்கிறா."

"ஏலாது அத்தான். குடுக்காட்டி அதுகள் இரவிரவாய் அழுதுகள்."

அவன் குந்தினான். ஒரு கட்டை அவிழ்த்தான். கையைக் கொடியின் அடிக்கு நீட்டினான், தொட்டில் பிள்ளைக்குப் பால் கொடுக்கிற கவனத்தோடு. மண் அசைந்தது. சுருள்கள் இறங்கி வந்தன.

"சூடு ஆறமுதல் குடுக்கவேணும் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். இவ அதைத்தான் எனக்குச் சொல்லித் தந்தவ."

செபமாலைமுத்து ஓடப் பார்த்தார். கால் வரவில்லை. முழங்கால் மண்ணில் இடித்தது. மண் சூடாய் இருந்தது. நாக்கு தடித்தது. கொட்டிலுக்கு அப்பால், புதிதாய் உழுத நிலம் தெரிந்தது. முன்பு அங்கே தோட்டம் இல்லை. நேற்று நட்ட இளங்கொடிகள். நீள வரிசைகளாய். நிறைய.

மிஸிஸ் வில்மொட் அவர் பக்கத்தில் குனிந்தாள். மரியாதையாக ஒன்றே ஒன்று கேட்டாள். உங்களைத் தேடி யாராவது வருவார்களா?

மெற்றில்டா. ரெயில். நானே போவன் என்ற அந்தக் குரல். ஊருக்கெல்லாம் புத்தி சொன்ன மனிதருக்கு அப்போதுதான் சொல்லவேண்டிய ஒரே வார்த்தை கிடைத்தது. முன்பு இன்னொருவனுக்காகச் சொன்னதுதான். அவர் அழுதார். அழுதுகொண்டே, தடித்த நாக்கைப் புரட்டிப் புரட்டி, ஒருத்தரும் இல்லை என்று ஆங்கிலத்தில் சொன்னார். என்னைத் தேடி ஒருத்தரும் வரமாட்டார்கள்.

கிறிஸ்துராஜா சிரித்தான். வாளியை அவர் பக்கத்தில் வைத்தான். அவருடைய சேர்ட் கையின் பொத்தானைக் கழற்றி, அவசரப்படாமல், மடிப்பு மடிப்பாய்ச் சுருட்டிவிட்டான்.

"பொய் சொல்லாதேங்கோ அத்தான். அக்கா வருவா."

அதையே மிஸிஸ் வில்மொட்டுக்கு ஆங்கிலத்திலும் சொன்னான்.

வாளியிலிருந்து ஆவி எழும்பியது. வரிசை வரிசையாய் நின்ற கொடிகள், காற்றில்லாத அந்த இருட்டில், இலைகளையெல்லாம் மெல்லத் திருப்பி, லண்டன் ரோட்டுப் பக்கத்துக் கேற்றைப் பார்த்து நின்றன.